ஸ்டாலின் என்னும் பெயரின் சரித்திரம்

சென்ற மாதத்தில், நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில், ஆண் குழந்தை பிறந்த ஒரு வீட்டில் பெயரைக் குறித்து ஒரு வழக்கு உண்டாயிற்று. குழந்தையின் பாட்டனார் 'ஸ்டாலின்' என்றே வைக்க வேண்டும் என்கிறார். தாயாரோ கோலாலம்பூரில் படித்துப் பட்டம் பெற்றவர். ஏராளமான ஜனங்களைக் கொன்றவனுடைய பெயர் தம் பிள்ளைக்கு ஆகாது என்கிறார். தகப்பனார் இருவருக்கும் நல்லவராக இருக்க முயன்று இருவரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். கடைசியில் பெரியவர், "கிராணியிடம் கேட்போம், பெயரெல்லாம் எழுதுகிறவர் அவர்தானே" என்று நம்மிடம் வந்துவிட்டார். அப்பெயர் எங்கே பிறந்தது, அதற்கு என்ன பொருள், அது எவ்வழியாகத் தமிழர் வீட்டுத் தொட்டிலுக்கு வந்தது என்று தேடிப் பார்க்க நேர்ந்தது அக்காரணத்தினாலேயே. நமது படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. தமிழை வீட்டிலும், பாட்டனார் கட்டி வைத்திருந்த பழைய வாரப் பத்திரிகைகளிலும் கற்றோம். ஆகையால் இவ்விஷயத்தில் இரண்டு பக்கத்து ஏடுகளையும் புரட்டிப் பார்க்க முடிந்தது.

பெரியவர் சொன்னது உண்மையே. பேராக் மாநிலத்துக் கித்தாத் தோட்டங்களில் நம்மவர் பெயர்களைக் காகிதத்தில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் கிராணிமார்களே. கங்காணி ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார். ஆள் தம் பெயரைச் சொல்வார். கிராணி தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் செக்ரோலில் எழுதிக்கொள்வார். அன்று முதல் எழுதியதுதான் பெயர், சொல்லியதன்று. லெட்சுமி, லச்சுமி, லட்சுமி என்று ஒரே பெண் மூன்று ஏடுகளில் மூன்று பெண்களாக இருந்ததை நாமே கண்டிருக்கிறோம். ஒரு மூதாட்டி, ஓரெழுத்து வேற்றுமையின் பொருட்டுத் தம் சொந்தச் சேமிப்புப் பணத்தைப் பெறுவதற்கு எட்டு மாதம் அலைந்தார். அந்த எழுத்தைத் தவறாகப் போட்டவர் நமக்கு முன்னே இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

பழைய செக்ரோல்களில் குப்பன், பிச்சை, அமாவாசை, கறுப்பாயி போன்ற பெயர்கள் வரிசையாக வரும். இவற்றுள் சில, முதற் குழந்தைகள் இறந்துபோன வீட்டில், எமனுக்கு இச்சை உண்டாகாதிருக்கும் பொருட்டு வைத்தவை. வேறு சில, நல்ல பெயர் வைத்துக்கொள்ள மேல்சாதியார் விடமாட்டார்கள் என்னும் பயத்தால் வைத்தவை. எது எவ்வகை என்று ஏட்டைப் பார்த்துச் சொல்வதற்கில்லை. நம்மவர்களுக்குப் பெயர் என்பது வெறும் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஸ்டாலின் என்பது ஒரு ருஷ்யப் பெயர் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அப்பெயரைச் சூடியவர் ருஷ்யர் அல்லர். அது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரும் அன்று. அதன் வேர்ச்சொல்லும் ருஷ்யச் சொல் அன்று. காக்கேசிய மலைநாடாகிய ஜார்ஜியாவில், கோரி என்னும் சிற்றூரில், 1878 ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 18ந் தேதி ஒரு செருப்புத் தொழிலாளிக்குப் பிறந்தவர் அவர். (பிற்காலத்தில் 1879 டிசம்பர் 21 என்று ஒரு தேதியை அரசாங்கமே கொண்டாடி வந்தது. கோரி மாதாகோவில் பதிவேடு 1878 என்றே சொல்லுகிறது. கிராணிமார் பிழை நம் நாட்டில் மட்டும் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இங்கே பிழை கோவில் ஏட்டில் இல்லை.) இட்ட பெயர் யோசேப்பு; அவர்கள் மொழியில் இயோசெப். வீட்டில் 'சோசோ' என்று அழைத்தார்கள். குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. ஜார்ஜிய மொழியில் 'ஷ்விலி' என்றால் பிள்ளை என்று பொருள்; நம் நாட்டுப் 'பிள்ளை'யைப் போல அது சாதிப் பட்டம் அன்று.

யோசேப்பு எபிரேயப் பெயர். இஸ்லாமியரிடத்தில் அது யூசுப்பு. தமிழ்க் கத்தோலிக்கரிடத்தில் சூசை. ஆகவே, உலகத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தை ஆண்ட அம்மனிதருடைய இட்ட பெயரும், நம் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டி ஓய்ந்த ஒரு சூசையின் பெயரும் ஒன்றே.

இரகசிய இயக்கத்தில் சேர்ந்தபின் அவர் பல புனைபெயர்களில் மறைந்து வாழ்ந்தார். அவற்றுள் அவர் அதிகம் விரும்பியது 'கோபா' என்பது. அது கஸ்பெகி என்னும் ஜார்ஜிய ஆசிரியருடைய நாவலில் வரும் ஒரு வீரனுடைய பெயர். 1913 ஆம் வருஷத்தில், தேசிய இனங்களைப் பற்றிய தமது கட்டுரையின் கீழ் 'க. ஸ்டாலின்' என்று கையெழுத்திட்டார். 'க' என்பது கோபாவின் மிச்சம். அவ்வருஷத்திலிருந்தே இப்பெயர் உலகத்தில் வழங்கத் தொடங்கிற்று. ஆதலால் இதற்கு வயது நூற்றுப் பத்து வருஷத்துக்குச் சற்று அதிகம். எமது தோட்டத்துப் பழைய பால் ஸ்டோரின் வயதுகூட ஏறத்தாழ அவ்வளவே.

'ஸ்டால்' என்பது ருஷ்ய மொழியில் எஃகு. அம்மொழியிலே பெண்பாற் சொற்களின் மேல் 'இன்' என்னும் விகுதி சேர்ந்தால், இன்னதற்கு உரியவன் என்று பொருள்படும் குடும்பப் பெயர் உண்டாகும். பீரங்கிக்குப் 'பூஷ்கா' என்று பெயர், அதிலிருந்து பூஷ்கின். அவ்வாறே ஸ்டாலிலிருந்து ஸ்டாலின்: எஃகுக்கு உரியவன், எஃகன். புரட்சிக்காரர்கள் இப்படிப் பெயர் புனைவது அக்காலத்து வழக்கம். மோலோட்டாவ் என்பதில் 'மோலோட்' சம்மட்டி. காமெனெவ் என்பதில் 'காமென்' கல். கல்லின் பெயரைத் தாங்கிய காமெனெவை, எஃகின் பெயரைத் தாங்கியவருடைய ஆட்சி 1936 ஆம் வருஷத்தில் சுட்டுக் கொன்றது.

இந்த 'ஸ்டால்' ஜெர்மானிய மொழிகளிலிருந்து ருஷ்யத்துக்கு இரவல் வந்த சொல். ஜெர்மன் மொழியில் 'ஷ்டால்' என்பார்கள். அதற்கு முன் ருஷ்யர்கள் உயர்ந்த வாள் எஃகைக் குறிக்க வழங்கிய 'புலாத்' என்பதும் பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்து வாள்களுக்கோ தென்னிந்திய உலைகளில் உருக்கிய எஃகுக் கட்டிகள் கப்பலேறிப் போயின. 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அதை அழைத்தது கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லின் திரிபு என்பர். நமது 'எஃகு', 'உருக்கு' என்னும் சொற்கள் எவ்வளவு பழமையானவை என்பதைத் தமிழறிந்தோருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே ஸ்டாலின் என்ற பெயர், ஜார்ஜியர் ஒருவர் ஜெர்மானியச் சொல்லை எடுத்து ருஷ்ய விகுதியைப் பூட்டிச் செய்துகொண்டது.

லெனின் என்பதும் அத்தகையதே. விளாதிமிர் இலியிச் உலியானவ் என்பவர் 1901 ஆம் வருஷத்தில் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. சைபீரியாவில் ஓடும் லீனா நதியின் பெயரிலிருந்து அமைத்தார் என்பதே பெரும்பாலோர் கருத்து. அவருடைய மூத்த தோழராகிய பிளெஹானவ் வோல்கா நதியை வைத்து 'வோல்கின்' என்று முன்னரே எழுதி வந்தார். லீனா என்ற நதிப்பெயரும் ஸ்லாவியச் சொல்லன்று. அந்நதிக்கரையில் வாழும் துங்கூசிய ஜனங்களுடையது.

அப்படியானால் உண்மையான ஸ்லாவிய இடுபெயர் எது என்று கேட்கலாம். அது லெனினிடத்திலேயே இருக்கிறது: விளாதிமிர். 'விளாத்' என்பது ஆளுதல். 'மிர்' என்றால் இன்று ருஷ்யத்தில் சமாதானம் என்றும் உலகம் என்றும் பொருள். ஆகையால் 'உலகாள்வோன்' என்று பொருள் சொல்வாருண்டு. ஆனால் பழைய ஏடுகளில் அப்பகுதி 'மேர்' என்றே காணப்படுகிறது. அது பெருமை, புகழ் என்னும் பொருளுடைய மிகப் பழைய சொல். ஆட்சியிற் பெரியோன் என்பதே முதற்பொருள். பிற்காலத்தார் தங்களுக்குத் தெரிந்த சொல்லை அதிலே கண்டுகொண்டார்கள். நம் ஊர்ப் பெயர்களுக்குத் தலபுராணக்காரர்கள் பொருள் சொன்ன விதம் நேயர்களுக்கு நினைவு வரலாம்.

ஸ்லாவியரின் பழம் பெயர்கள் இவ்வாறே இரண்டு சொற்களை இணைத்துச் செய்தவை. 'ஸ்லாவ்' என்று முடிவனவெல்லாம் புகழைக் குறிக்கும். வடமொழிச் 'சிரவஸ்' அதற்கு உடன்பிறப்பு. 'விசெவலோத்' என்றால் அனைத்தையும் ஆள்பவன். நமது புகழேந்தி, உலகநாதன் போன்ற பெயர்களைக் கேட்டால் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. 'நெக்ராஸ்' என்றும் ஒரு பெயர் அவர்களிடத்தில் இருந்தது. அழகில்லாதவன் என்று பொருள். கண்ணேறு படாதிருக்க வைத்தார்கள். பிச்சையும் குப்பனும் வால்கா நதிக்கரையிலும் பிறந்திருக்கிறார்கள்!

பின்பு கிறிஸ்தவ சமயம் வந்தது. விளாதிமிர் என்னும் கீவ் நகரத்து அரசனே 988 ஆம் வருஷத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது வசீலி என்னும் கிரேக்கப் பெயரை ஏற்றான். கோவிலார் பட்டியலில் உள்ள பரிசுத்தவான்களின் பெயர்களே குழந்தைகளுக்கு இடத்தக்கவை என்றாயிற்று. அவை பெரும்பாலும் கிரேக்கமும் எபிரேயமும். இவான் என்பதுகூட எபிரேய யோவானே. பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுத்தைச் சொல்லி, அவ்வெழுத்தில் வடமொழிப் பெயரைத் தேடிய நம்மவர் நிலைமைக்கு இது வெகு தூரமன்று. 1917 ஆம் வருஷத்துப் புரட்சிக்குப்பின் அங்கே ஞானஸ்நானத்துக்குப் பதிலாக 'அக்டோபர்ச் சடங்கு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை மண்டபத்தில் கூட்டம் கூடிக் குழந்தைக்குப் புதுப்பெயர் இடுவார்கள். விளாதிமிர் லெனின் என்பதைச் சுருக்கி விளாத்லென். லெனினைத் திருப்பிப் போட்டு நினெல். மார்க்ஸும் லெனினும் சேர்ந்து மார்லென். பெண்களுக்கு அக்டோபரினா, ஸ்டாலினா. ஐயர் இல்லாத நமது பெயர்சூட்டு விழாக்களை இவை அப்படியே ஒத்திருப்பதைப் படித்தபோது நமக்கு வியப்பு உண்டாயிற்று.

அவ்விழாக்களின் வரலாறு நேயர்கள் அறிந்தது. 1929 ஆம் வருஷம் பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெயரின் வாலில் தொங்கும் சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானித்தது. அவ்வருஷ டிசம்பரிலேயே பெரியார் மலாயாவுக்கு வந்தார். நம் ஈப்போவில் கூடிய தமிழர் மகாநாட்டில் கலந்துகொண்டார். 1932 ஆம் வருஷத்தில் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியபின், ஸ்ரீ முதலியவற்றைத் தள்ளித் 'தோழர்' என்று அழைக்கச் சொன்னார். குழந்தைகளுக்கு ருஷ்யா, மாஸ்கோ என்று அவர் பெயரிட்டதும் உண்டு. மறுவருஷம் தொடங்கிய 'மணிக்கொடி'யின் ஆசிரியர்களுள் ஒருவர் ஸ்டாலின் சீனிவாசன் என்றே அழைக்கப்பட்டார். ஆகவே தமிழெழுத்தில் இப்பெயர் குடியேறித் தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகிறது.

ஆயினும் அதை வீட்டுக்கு வீடு அறிந்த பெயராக்கியது 1953 ஆம் வருஷம். மார்ச் மாதம் 1ந் தேதி சென்னையில் மு. கருணாநிதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெரியாரை நினைத்து 'ஐயா', அண்ணாதுரையை நினைத்துத் 'துரை' என்று இரண்டையும் கூட்டி ஐயாதுரை என்று பெயரிடத் தகப்பனார் எண்ணியிருந்தார். 5ந் தேதி மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்தார். சென்னையில் நடந்த இரங்கற் கூட்டத்தில், தம் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயரிடுவதாகத் தகப்பனார் அறிவித்தார் என்று அக்குடும்பத்தாரே கூறி வருகின்றனர். அக்குழந்தை 2021 ஆம் வருஷம் மே 7ந் தேதி தமிழ்நாட்டின் முதலமைச்சராகப் பதவியேற்றது.

இதைப் புதுமை என்று போற்றியவரும் தூற்றியவரும் உண்டு. ஆராய்ந்து பார்க்கும்போது இது மிகப் பழைய தமிழ் வழக்கமாகவே நமக்குத் தோன்றுகிறது. மகனுடைய மகனைப் 'பேரன்' என்கிறோமே, அது 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனுடைய பெயரைச் சுமப்பவன் என்று பொருள். வீட்டில் ஒரு பெரியவர் கண்மூடிய சமயத்தில் பிறந்த பிள்ளைக்கு அவர் பெயரை இடுவது நம் கிராமங்களில் இன்றும் உண்டு. கருணாநிதி தம் முதல் மகனுக்குத் தகப்பனார் முத்துவேலரை நினைத்து முத்து என்றார். அடுத்தவருக்குப் பட்டுக்கோட்டை அழகிரிசாமியை நினைத்து அழகிரி என்றார். மூன்றாவதாக வந்த ஸ்டாலினும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். ஜார்ஜியச் செருப்புத் தொழிலாளியின் மகன் திருக்குவளைக் குடும்பத்துக்குப் பாட்டனாக்கப்பட்டார். அவ்வளவே. நமக்குக் குடும்பப் பெயர் என்பது இல்லாமையால், அயல்நாட்டாருடைய குடும்பப் பெயரோ புனைபெயரோ எது வந்தாலும் அதை இடுபெயராகவே எடுத்துத் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துக்கொள்கிறோம். மலேசியாவிலோ நடுவில் 'அனாக் லெலாக்கி' சேர்ந்துகொள்ளும்.

ஆனால் பாட்டனாக ஏற்குமுன் பாட்டன் செய்ததையும் பார்க்க வேண்டாமா? இதைத்தான் அந்தத் தாயார் கேட்கிறார். அவர் கேள்வியைப் 'பெண்பிள்ளை பேச்சு' என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. ஹிட்லருடைய சேனையை 1943 ஆம் வருஷம் பிப்ரவரியில் முறியடித்த நகரம் ஸ்டாலின்கிராடு. அதே காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஆட்களைப் பிடித்துச் சயாம் மரண ரயில்பாதைக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். அச்சுநாடுகளை அடித்த கை என்று அப்பெயரை அக்காலத்துத் தொழிலாளர் வணங்கியதில் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் 1932, 1933 ஆம் வருஷங்களில் உக்ரேனிலும் கஸாக் நாட்டிலும் விளைந்த தானியத்தைப் பறித்துக்கொண்டு போனதால் பல லட்சம் பேர் பட்டினியால் மாண்டனர். 1937, 1938 ஆகிய இரண்டு வருஷங்களில் மட்டும், அவ்வரசாங்கத்தின் சொந்தப் பதிவேடுகளின்படியே, 6,80,000 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவற்றையும் ஒரு கிராணிதான் எழுதியிருப்பான். பெரியார் அந்நாட்டில் இருந்தது 1932 ஆம் வருஷத்து முற்பகுதியில். பஞ்சம் உச்சத்தை அடைந்தது அதற்கு அடுத்த குளிர்காலத்தில். இங்கே பெயரிட்டவர்களுக்கு அன்று இவையெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. இன்று நமக்குத் தெரியும். தெரியாதென்று இருக்க முடியாது.

அவர் சொந்த நாட்டார் அப்பெயரை என்ன செய்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னையில் குழந்தைக்குப் பெயரிட்ட அதே 1953 மார்ச்சில், போலந்து நாட்டில் கட்டோவிட்சே என்னும் நகரத்துக்கு ஸ்டாலினோகுருது என்று பெயர் மாற்றினார்கள். 1956 ஆம் வருஷம் பிப்ரவரியில் குருஷ்சேவ் தம் கட்சிக்காரர்களிடையே ஸ்டாலினுடைய கொடுமைகளை எடுத்துரைத்தார். அவ்வருஷத்திலேயே அந்நகரம் பழைய பெயருக்குத் திரும்பிற்று. 1961 ஆம் வருஷத்தில் ஸ்டாலின்கிராடு வோல்காகிராடு ஆயிற்று. அவர் மகள் சுவெத்லானா, 1957 ஆம் வருஷத்தில் ஸ்டாலினா என்னும் பெயரை விலக்கித் தாயாரின் அல்லிலுயேவா என்பதை ஏற்றுக்கொண்டார். சுவெத்லானா என்பது ஒளியைக் குறிக்கும் தூய ஸ்லாவியச் சொல்லிலிருந்து புலவர்கள் படைத்த பெயர். வடமொழிச் 'சுவேதம்' அதற்கு உறவு. அவ்வம்மையார், தம்மோடு வாழ்ந்த பிரஜேஷ் சிங் என்னும் காலாகாங்கர் ஊர்க்காரரின் அஸ்தியை எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்தவர், 1967 ஆம் வருஷம் மார்ச்சில் டில்லியிலுள்ள அமெரிக்கத் தூதராலயத்தில் அடைக்கலம் புகுந்தார். தகப்பனுடைய பெயரை மகளே சுமக்க விரும்பவில்லை. நகரங்கள் சுமக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் சுமந்தார்கள். 1989 ஆம் வருஷத்தில் ருஷ்யாவுக்குச் சென்ற மு. க. ஸ்டாலின், விமான நிலையத்தில் தம் பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் திரும்பிப் பார்த்ததையும், கேள்விமேல் கேள்வி கேட்டே உள்ளே விட்டதையும் பிற்காலத்தில் மேடையில் சொல்லியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவ்வீட்டுக்குப் போய்ப் பெரியவருக்கு எடுத்துச் சொன்னோம். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கேட்டபின், "அந்த மனிதரை நான் கண்டேனா, கிராணி? என் தம்பியைத்தான் கண்டேன்" என்றார். அதற்குப் பிறகே அவர் கருத்து நமக்கு விளங்கிற்று.

அது 1953 ஆம் வருஷத்துக் கதை. பேராக்கில் அவசர காலம். 1948 ஆம் வருஷம் ஜூன் 16ந் தேதி, இங்கிருந்து வெகு தூரமில்லாத சுங்கை சிப்புட்டில், மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கியது. விசாரணையின்றி ஆட்களை அடைத்தார்கள். எல்லோருக்கும் கைரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 ஆம் வருஷம் மே 4ந் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். சென்னையில் ஒரு தகப்பன் கூட்டத்தில் நின்று உரக்கச் சொல்ல முடிந்த பெயரை, முள்வேலிக்குள் ஒரு தகப்பன் வாய்க்குள்ளே சொல்லிக்கொள்வதும் ஆபத்து. இருந்தும், நம் பெரியவருடைய தகப்பனார், பால் வெட்டும் தொழிலாளி, எழுத்தறியாதவர், அவ்வருஷத்து மழைக்காலத்தில் பிறந்த தம் இளைய மகனுக்கு ஸ்டாலின் என்று பெயரிட வேண்டுமென்று ஆபீசுக்குப் போனார். பெரியவருக்கு அப்போது ஆறு வயது. கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருக்கிறார். அன்றைய கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாராம். பிறகு ஒன்றும் பேசாமல் ஒரு தெய்வத்தின் பெயரை எழுதி, "இதுதான் உன் பிள்ளை பெயர், போ" என்றாராம்.

அந்தக் கிராணியைக் கோழை என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். அவர் அப்பெயரை எழுதியிருந்தால் தகப்பனை அடுத்த வாரமே லாரியில் ஏற்றியிருக்கலாம். ஒருவேளை அவர் பேனா அவ்வேழையைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். நாம் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று இரண்டு நாளாக எண்ணிப் பார்க்கிறோம்.

தம்பி ஏட்டில் தெய்வப் பெயரோடும், வீட்டில் ஸ்டாலினாகவும் வாழ்ந்தார். வீட்டில் என்றால் லயத்தார் வாயில் 'இஸ்டாலின்'. மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லை நம் நாக்கு ஏற்பதில்லை. முன்னே ஓர் இகரத்தை வைத்துத்தான் ஏறும். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை வைத்த காலத்திலும் தோட்டத்தை விட்டுப் போகாதவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் அவரே. இப்போதைய குழந்தையின் தகப்பனார் அந்தச் சைக்கிளில் போனவர்களில் ஒருவர். போன வருஷம் இறந்துபோனார். இறப்புப் பத்திரத்திலும் தெய்வப் பெயரே. பெரியவர் தம்பியின் அடையாள அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து நம் கையில் கொடுத்து, "இதில் இருப்பது யார்?" என்று கேட்டார்.

அவர் கேட்பது ருஷ்யாவை ஆண்டவரின் பெயரனை அன்று. தம் தம்பியின் பெயரனை. இது நமக்கு அப்போதுதான் தெரிந்தது. மருமகளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மாமனார் இக்கதையை அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "எனக்குச் சின்ன மாமாவைத் தெரியும், மாமா. ஆனால் பள்ளிக்கூடத்தில் கேட்கிறவர்களுக்குச் சின்ன மாமாவைத் தெரியாதே. அவர்களுக்கு விடை சொல்லப் போகிறவன் இவன்தானே" என்றார். பெரியவரிடம் அதற்குப் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை.

எஃகு என்னும் பொருள்தான் வேண்டுமானால் தமிழிலேயே 'எஃகன்' என்று வைக்கலாமே என்று இடையில் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தோம். ஆய்த எழுத்தைப் பதிவகத்தில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று குழந்தையின் தகப்பனார் கேட்டார். பெரியவர் சிரித்துவிட்டார், அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான். பிறகு மருமகள், வீட்டிலே சின்ன மாமாவை அழைத்தபடியே இகரத்தை முன்வைத்து எழுதினால் தமக்கு ஆட்சேபம் குறையும், அது மாஸ்கோவில் இல்லாத பெயர் அல்லவா என்றார். பெரியவரோ, அது நாக்கின் குறை, பெயரில் அதை ஏன் எழுத வேண்டும், தம் தகப்பனார் ஆபீசில் தெளிவாகத்தான் உச்சரித்தார் என்கிறார்.

திங்கட்கிழமை ஈப்போவுக்குப் பதிவு செய்யப் போகிறார்கள். பாரத்தில் தாய் தகப்பன் பெயர், அட்டை எண்கள், பிறந்த தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் நாமே ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்து நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். பெயருக்கு உரிய கட்டம் மட்டும் அவர்கள் எழுதிக்கொள்வதற்காகக் காலியாக இருக்கிறது.